தபால்தலைப் படங்களும் கமலாம்மாவும்

கலரை மாத்துறதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்குறவங்க, ஒரு தடவை சாம்பாரையும் ரசத்தையும் போட்டோ எடுத்துத் தபால்தலை சைசுக்குச் சுருக்கிட்டு, எது சாம்பார் எது ரசம்னு எனக்குச் சொல்லணும். ரெண்டும் ஒரே பழுப்பாத்தான் தெரியும். காபியும் டீயும் அண்ணன் தம்பி மாதிரி வந்து நிக்கும். வெள்ளைத் தட்டுல வச்ச இட்லி காணாமலே போயிரும்.

மதுரை காளவாசல்ல ஒரு டயர் கடைக்கு மேல, மாடியில எங்க ஆபீஸ். பக்கவாதம் வந்து பேச்சு போனவங்களுக்காக ஸ்டெல்லா டீச்சர் நடத்துறது. டீச்சர்னு எல்லாரும் கூப்பிடுறோமே தவிர, அவங்க பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்க. டேப்னா பெரிய செல்போன் மாதிரி இருக்குமே, அதுல ஒன்பது கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம் வச்சுக் குடுப்போம். தண்ணிப் படத்தைத் தொட்டா "தண்ணி வேணும்"னு டேப் சொல்லும். வீட்டுக்காரங்க அனுப்புற போட்டோவை வெட்டி, சுருக்கி, கலரை ஏத்தி இறக்கி, பார்த்த உடனே ஆளுக்குப் புரியுற மாதிரி பண்றது என் பொறுப்பு. முன்னாடி நான் ஃப்ளெக்ஸ் கடையில இருந்தேன். அங்க காதுகுத்து, கல்யாணம்னு சிரிச்ச மூஞ்சியா வருவாங்க. இந்த மாடிப்படி ஏறி வர்றவங்க யாரும் சிரிச்சு நான் பார்த்ததில்ல. மவுஸைப் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு வீங்கிப்போன சகபாடிகளே, உங்க கஷ்டத்தோட என் கஷ்டத்தையும் சேர்த்துக் கொஞ்சம் கேளுங்க.

நீலத் தண்ணி

தண்ணியைப் படம் பிடிக்க முடியாதுங்கிறது இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி வச்சு எடுத்த போட்டோ, சுருக்கினா ஒரு சாம்பல் உருண்டை. கண்ணாடி டம்ளர்ல எடுத்தா வெறும் டம்ளர். அதனால எல்லாரும் செய்யுற மாதிரி நானும் கலரை மாத்துற ஹியூவை நகர்த்தி, தண்ணியை நல்ல நீலமாக்கி விட்டேன். பார்க்க அம்சமா இருந்துச்சு. ஸ்டெல்லா டீச்சரே நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அவங்க வாயில அந்த வார்த்தை வர்றது லேசு இல்ல.

கீழக்குயில்குடியில ஒரு பெரியவர். வயக்காட்டுல விழுந்து கிடந்து, ஆஸ்பத்திரியில பொழைச்சு, பேச்சு மட்டும் திரும்பல. அவருக்குத்தான் இந்த நீலத் தண்ணி முதல்ல போச்சு. அவர் மத்ததையெல்லாம் தொட்டாரு, தண்ணியைத் தொடவே இல்ல. நாக்கு வறண்டு, உதடு வெடிச்சு, அப்பவும் தொடல. அவரோட மருமக டேப்பைத் தூக்கிக்கிட்டு நேரா ஆபீசுக்கே வந்துருச்சு. "அண்ணே, இதைப் பார்த்தாலே மாமா மூஞ்சியச் சுளிக்கிறாரு. ரேசன் கடை மண்ணெண்ணெய்தான இந்தக் கலர்ல இருக்கும், அதையா குடிப்பாக? எங்க வீட்டுப் பச்சைக் குடத்தைப் போட்டு விடுங்க, போதும்."

வலியும் மூத்தவரும்

வலிக்கு எங்ககிட்ட எப்பவும் சிவப்புதான். தலையில கை வச்ச படம், பின்னாடி ரத்தச் சிவப்பு. ஒன்பது கட்டத்துல முதல்ல கண்ணுல படுறது அதுவாத்தான் இருக்கணும்னு டீச்சர் உத்தரவு.

ஒரு அம்மாவுக்கு மூணு மகன்கள். மூணு பேரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி மீசை, ஒரே ஸ்டுடியோவுல எடுத்த போட்டோ. சுருக்கினப்புறம் பெத்தவளே கண்டுபிடிக்க முடியாது. சரி, பின்னாடி ஆளுக்கு ஒரு கலர் குடுப்போம்னு பார்த்தா, இந்த ஊர்ல எந்த ரெண்டு கலரைப் பக்கத்துல வச்சாலும் ஏதாவது ஒரு கட்சிக் கொடி ஆயிருது. யோசிச்சு யோசிச்சு நடுவுல உள்ளவருக்கு மஞ்சள், கடைசித் தம்பிக்கு ஊதா, மூத்தவருக்கு சிவப்புன்னு முடிச்சேன். வலியோட சிவப்பு வேற, மூத்தவரோட சிவப்பு வேறன்னு எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியல.

மூத்தவருக்குப் பாத்திரக் கடை. மூணாவது நாளே வந்துட்டாரு. "வலிக்கும் சிவப்பு, எனக்கும் சிவப்பா தம்பி? அம்மா என்னையக் கூப்பிடுதா, வலிய அமுக்குதான்னு தெரியாம, கடையப் பூட்டிட்டுப் பூட்டிட்டு ஓடுறேன்." கூட வந்திருந்த கடைசித் தம்பி வாசலைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு: "அது சரியாத்தான் அமுக்குது, அண்ணே."

ஊரெல்லாம் என் குரல்

ஆம்பளைங்க டேப்ல ஆம்பளைக் குரல்தான் இருக்கணும். ஆபீசுல ஆம்பளை நான் ஒருத்தன். அதனால மதுரையில பல வீட்டுல என் குரல்லதான் தண்ணி கேக்குறாங்க, என் குரல்லதான் பாத்ரூம் போகணுங்கிறாங்க. மகன்களைப் பேசச் சொல்லலாமேன்னு நீங்க கேக்கலாம். சொல்லிப் பார்த்தாச்சு. தண்ணி, சோறு வரைக்கும் பேசுறாங்க. அம்மாவை அப்பா பேரு சொல்லிக் கூப்பிடுற கட்டம் வந்ததும் நின்னுருவாங்க. பெத்த தாயைப் பேரு சொல்லிக் கூப்பிட எந்த மகனுக்கு நாக்கு வரும்? கடைசியில நான்தான் மைக் முன்னாடி உக்காந்து "ஏ செல்லம்மா", "ஏ பாண்டியம்மா", "ரோஸ்மேரி, இங்க வா"ன்னு ஒவ்வொருத்தர் பொண்டாட்டியையும் கூப்பிட்டுப் பதிவு பண்ணுவேன்.

அவர் எப்படிக் கூப்பிடுவாருன்னு முதல்லயே அந்தம்மாக்கள்கிட்ட கேட்டுக்குவேன். சில பேரு வெக்கப்படுவாங்க. பாதிப் பேரு கேட்டதுமே அழுதுருவாங்க. அதைப் பார்த்துட்டு வந்து வீட்டுல சோறு இறங்காது. ஒரு நாள் மனசு பொறுக்காம என் பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்லிட்டேன். அவ சோத்தைப் போட்டுக்கிட்டே கேட்டா: "ஊரான் பொண்டாட்டியெல்லாம் இம்புட்டுப் பாசமா பேரு சொல்லிக் கூப்பிடுறீகளே, வீட்டுல ஏன் எனக்கு மட்டும் 'இந்தா'?"

மிச்சம் இருந்தா நான்

கமலாம்மா வண்டியூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் சுந்தரம் ஐயா, பஸ் கண்டக்டரா இருந்து ரிடையரானவர். தெப்பக்குளத்துல நின்னு அவர் "எறங்கு, எறங்கு"ன்னு கத்துனா அடுத்த ஸ்டாப்புக்காரனும் சேர்ந்து எறங்கிருவானாம். அப்படிப்பட்ட ஆளுக்கு வலது கை, வலது கால் விழுந்து, பேச்சும் சுத்தமாப் போயிருச்சு. நாம சொல்றது புரியும், பதில் வராது. ஆஸ்பத்திரியில ஸ்டெல்லா டீச்சர் அவர் மூஞ்சிக்கு நேரா ஒவ்வொரு அட்டையா நீட்டிப் பார்த்துட்டு, படத்தை நல்லாப் புரிஞ்சுக்கிறாரு, டேப் குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க.

எந்த வரிசையில போடணும்னு கமலாம்மாகிட்ட கேட்டேன். மேல் வரிசையில தண்ணி, பாத்ரூம், காபி. நடு வரிசையில சோறு, ஃபேன், வலி. கீழ மகன், மகள். ரெண்டு பேரும் வெளியூர்ல, போன்ல பேச்சு. இம்புட்டும் சொல்லிட்டு அவங்க எந்திரிச்சுட்டாங்க. கீழ் வரிசையில வலது ஓரம் ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. டிவி போடவாம்மான்னு கேட்டேன். வாசல் வரைக்கும் போனவங்க திரும்பி வந்தாங்க. "கட்டம் மிச்சம் இருந்தா என்னையப் போடுங்க தம்பி. இல்லாட்டியும் ஒண்ணுமில்ல, நான் அங்கனதான கிடக்கேன்."

அரக்குச் சேலை

அடுத்த வாரமே திரும்பி வந்தாங்க. ஐயா தண்ணி கேக்குறாரு, சோறு கேக்குறாரு, ஃபேன் போடச் சொல்றாரு, மகனையும் மகளையும் தொட்டுப் போன் போடச் சொல்றாரு. இவங்களை மட்டும் தொடவே இல்ல. நான் கலர்தான் கோளாறுன்னு ஒரே முடிவா இருந்தேன். அவங்க குடுத்த போட்டோ மக கல்யாணத்துல எடுத்தது, அரக்குப் பட்டு. சுருக்கினா கருவாட்டுத் துண்டு மாதிரி இருந்துச்சு. சேலையைக் கிளிப்பச்சை ஆக்கிக் குடுத்தேன். தொடல. பின்னாடி மாம்பழ மஞ்சள் வச்சேன். தொடல. சேலையை எடுத்துட்டு முகத்தை மட்டும் கட்டம் நிறைய வச்சு, பொட்டைப் பெருசாக்கி, கலர் அழுத்தத்தைக் கூட்டுற சாச்சுரேஷனைக் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். அதுக்கும் தொடல. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா பஸ் ஏறி வந்து, என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு, தன் மூஞ்சி பச்சையாகி மஞ்சளாகி மாறுறதைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க.

ஒரு நாள் கட்டைப்பை நிறைய சேலையோட வந்துட்டாங்க. இதுல எதைக் கட்டிக்கிட்டு நின்னா அவருக்குத் தெரியும், நீங்களே சொல்லுங்கன்னு மேஜையில பரப்பிட்டாங்க. கத்திரிப்பூக் கலர் ஒண்ணு எடுத்தேன். பாத்ரூம்ல போய்க் கட்டிக்கிட்டு வந்து சுவரோரம் நின்னாங்க, நான் படம் எடுத்தேன். ஸ்கிரீன் கிட்டப் போய் அதைக் குனிஞ்சு பார்த்தாங்க. ஃப்ளெக்ஸ் கடையில பாதி மதுரையை வெளுப்பாக்குனவன் நான், ஆனா அவங்க அடுத்துச் சொன்னதுக்கு என் கை மவுசுக்குப் போகல. "நான் கறுப்புல தம்பி, அதான் அவருக்குத் தெரியல போல. கொஞ்சம் வெளுப்பா ஆக்கி விட்டுப் பாருங்களேன்."

சின்னதும் பெருசும்

நடுவுல ஒரு நாள் செல்லூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. அவங்க அம்மா காலையிலதான் தவறிப் போயிருந்தாங்க. போஸ்டர் அடிக்கணும், போட்டோ இல்ல. நாங்க டேப்புக்குன்னு வாங்குன போட்டோ இருக்குமேன்னு கேட்டாரு. போன மாசம் கம்ப்யூட்டர் படுத்து எந்திரிச்சதுல எங்ககிட்ட இருந்த ஒரிஜினல் போயிருச்சு, அவரோட போன் தொலைஞ்சு போயிருச்சு. மிச்சம் இருந்தது அந்தத் தபால்தலைப் படம் ஒண்ணுதான். அதைப் பெருசாக்குனா வெறும் கட்டம் கட்டமாத் தெரியும், மூஞ்சி தெரியாது. எம்புட்டோ பண்ணிப் பார்த்தேன். கண்ணு இருக்க வேண்டிய இடத்துல நாலு கறுப்புச் சதுரம் வந்துச்சு, அம்புட்டுதான்.

முடியலண்ணே, மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். அவருக்குக் கோவம்கூட வரல, களைச்சுப்போன குரல்ல கேட்டாரு: "இம்புட்டுச் சின்னதாக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, எங்கம்மாவத் திரும்பப் பெருசாக்கத் தெரியாதா?"

பேசாம இருங்க

கமலாம்மா மறுபடி வந்தப்ப எதையும் மாத்தச் சொல்லல. பெஞ்சுல உக்காந்தாங்க. டீ வாங்கிக் குடுத்தேன். கையில வச்சுக்கிட்டே இருந்தாங்க. "அவருக்கு வலி ஒண்ணும் இல்ல போல தம்பி, அந்தச் சிவப்புப் பக்கமே கை போகல. அதுவரைக்கும் மீனாட்சி புண்ணியம்"னாங்க. நானும் நல்லதுதானம்மான்னு சொன்னேன். "ஆனா காப்பியக்கூட விட்டுட்டாரு. எந்திரிச்சதும் என் கையால காப்பி குடிக்காம வாசலைத் தாண்ட மாட்டாரு. இப்ப நானாக் கொண்டு போய்க் குடுத்தாக் குடிக்கிறாரு, அவரா கேக்க மாட்டேங்குறாரு. என் கைக் காப்பியும் வேணாம், நானும் வேணாம்."

அப்படி என்னம்மா கோவம்னு கேட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பக்கவாதம் வந்த அன்னைக்குக் காலையில, கரண்டு பில்லு அதிகமா வந்திருக்குன்னு ஐயா வழக்கம் போலக் கத்தியிருக்காரு. இவங்களுக்குத் தலைவலி. எரிச்சல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனா ஐயா தரையில கிடக்குறாரு, வாயைத் திறக்குறாரு, சத்தம் வரல. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருச்சு. அதைப் பார்த்துக்கிட்டே கமலாம்மா சொன்னாங்க: "பேசாமத்தான் இருங்களேன்னு நான்தான தம்பி சொன்னேன். சொன்னபடி இருக்காரு."

பீட்ரூட்

அதுக்கு மேல எனக்கு ஆபீசுல இருப்புக் கொள்ளல. கலர்ல குறை இல்லன்னா வெளிச்சத்துல இருக்கணும், ஜன்னல் வெயில் ஸ்கிரீன்ல அடிச்சு அந்த மூலை வெளுத்துத் தெரியுதோ என்னவோன்னு, வண்டியை எடுத்துக்கிட்டு வண்டியூர் போயிட்டேன். போன நேரம் மத்தியானச் சாப்பாடு. கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்துச்சு. ஐயா தலையணையில சாஞ்சு உக்காந்திருந்தாரு, இடது பக்கம் சுவர். முன்னாடி ஒரு சின்ன மேஜையில தட்டு, அதுக்கு அந்தப் பக்கம் டேப். வெயில் அங்க விழவே இல்ல. என் கடைசி யோசனையும் போச்சு.

கமலாம்மா சோறு வச்சு, வலது பக்கம் பீட்ரூட் பொரியல் வச்சுட்டு அடுப்படிக்குப் போனாங்க. பீச்சாங்கையால சாப்பிடக் கூசிக் கூசித்தான் ஐயா சாப்பிட்டாரு. இடது பாதிச் சோறு தீர்ந்துச்சு. கோடு போட்ட மாதிரி வலது பாதி அப்படியே இருந்துச்சு. கையை எடுத்துட்டாரு. வயிறு நிறைஞ்சுருச்சு போலன்னு நான் நினைச்சேன். கமலாம்மா உள்ள இருந்து வந்து, தட்டைச் சுத்தித் திருப்பி வச்சுட்டுப் போனாங்க. ஐயா இப்பத்தான் புதுசா வச்ச மாதிரி பீட்ரூட்டை எடுத்துச் சாப்பிட ஆரம்பிச்சாரு.

"என்னம்மா இது?"ன்னு கேட்டேன். அடுப்படியில இருந்தே பதில் வந்துச்சு. "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து அப்படித்தான் தம்பி. திருப்பி வச்சாத்தான் மிச்சத்தைத் திங்கிறாரு. அது ஒரு பிடிவாதம். நானும் மூணு வேளையும் திருப்பி வச்சுக்கிட்டுக் கிடக்கேன்."

அந்தப் பீட்ரூட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். அதை விட அழுத்தமான கலரை நான் எந்த சாஃப்ட்வேர்ல கொண்டு வர? அப்புறம் டேப்பைப் பார்த்தேன். வலது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் காபி, வலி, கமலாம்மா. ஐயா தொடாதது மூணும் ஒரே வரிசையில நின்னுச்சு. டீச்சருக்குப் போன் போட்டுத் தட்டு விஷயத்தைச் சொன்னேன். "வலது கை கால் விழுந்த சில பேருக்கு வலது பக்கப் பார்வையும் போயிரும்டா. கண்ணு நல்லாத்தான் இருக்கும், அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. நான் ஒவ்வொரு அட்டையா மூஞ்சிக்கு நேரா காட்டுனேனே, அதான் எனக்குப் பிடிபடல, பாவி நான்"ன்னாங்க. போனை வைக்காம அங்கேயே நின்னு அந்த மூணு படத்தையும் இடது ஓரத்துக்கு இழுத்து விட்டேன்.

ஐயா பார்த்தாரு. கையைத் துடைச்சுக்கிட்டு, விரலை நீட்டி முதல்ல சிவப்பைத் தொட்டாரு. "வலிக்குது"ன்னு என் குரல் சொல்லுச்சு. மறுபடி தொட்டாரு. "வலிக்குது." இடது கையால வலது தோளைப் பிடிச்சுக்கிட்டு என்னையப் பார்த்தாரு. இத்தனை நாளும் அந்த மனுஷனுக்கு வலிச்சுக்கிட்டே இருந்திருக்கு, நாங்க மீனாட்சி புண்ணியம்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்கோம். தோளை நீவி விடலாமான்னு நான் கிட்டப் போறதுக்குள்ள அவர் விரல் அடுத்த கட்டத்துக்கு இறங்கிருச்சு.

"ஏ கமலா."

அடுப்படியில பாத்திரம் விளக்குற சத்தத்துக்கு நடுவுல கமலாம்மா குரல் குடுத்தாங்க. "நீங்களா அமுக்கிப் பாக்குறீக தம்பி? சரியா வருதா?"

"நான் அமுக்கலம்மா"ன்னு சொன்னேன்.

பாத்திரச் சத்தம் நின்னுச்சு. ஈரக் கையோட வந்து, எப்பவும் நிக்கிற இடத்துல, கட்டிலுக்கு வலது பக்கம் வந்து நின்னாங்க. ஐயா அவங்களைப் பார்க்கல. இடது பக்கச் சுவரைப் பார்த்துத் தேடிக்கிட்டே மறுபடி தொட்டாரு. "ஏ கமலா." அந்தப் பக்கம் வாங்கம்மா, அங்க நின்னாத்தான் தெரியும்னு சொன்னேன். அந்தப் பக்கம் நிக்க இடம் ஏது? சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, இந்த வயசுல கட்டில் மேல ஏறி, அவருக்கும் சுவருக்கும் நடுவுல ஒடுங்கி மண்டி போட்டு உக்காந்தாங்க. ஐயா முகம் திரும்புச்சு. அவங்க மூஞ்சியையே பார்த்தாரு. கட்டியிருந்தது சாயம் போன ஒரு பழைய சேலை, அதுல என்ன கலர் இருந்துச்சுன்னு எனக்கே சொல்லத் தெரியாது.

"எதுக்குங்க கூப்பிட்டீக? வலிக்குதா? கோவம் இல்லையா?"ன்னு கமலாம்மா கேட்டாங்க. ஐயா அவங்க மூஞ்சியில இருந்து கண்ணை எடுக்காமலே விரலை வச்சாரு. அழுகையும் சிரிப்புமா அவங்க என் பக்கம் திரும்பினாங்க. "எதுக்குக் கூப்பிட்டீகன்னு கேட்டா, மறுபடியும் என்னையவேல்ல கூப்பிடுறாரு தம்பி."

இப்பல்லாம் படம் சரியாத் தெரியலன்னு யாராவது மாடி ஏறி வந்தா, நான் மவுசைத் தொடாம, மொதல்ல தட்டுல எந்தப் பக்கம் சோறு மிஞ்சுதுன்னு கேக்குறேன், அவங்க என்னைய ஒரு மாதிரியாப் பார்க்குறாங்க.